குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும்: உறிஞ்சுகுழிக்கு ஊராட்சியில் என்ன கேட்கலாம்?

கிராமத்து வீடுகள் பலவற்றில் இப்போது இரட்டைக்குழி கழிப்பறை இருக்கிறது, குழாய்த் தண்ணீரும் வருகிறது. குளித்த, துவைத்த, பாத்திரம் விளக்கிய தண்ணீர் மட்டும் தெருவில் ஓடுகிறது. ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கழிவாகத் திரும்பும். நாலு பேர் உள்ள வீட்டில் 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு முட்டையிட இப்படித் தேங்கும் அழுக்குத் தண்ணீர்தான் தோது.

மலம் கலக்காத தண்ணீர் என்பதால் இதற்கு செப்டிக் டேங்க் வேண்டியதில்லை. கொல்லையில் இடமிருந்தால் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம், இல்லையென்றால் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடும் கல் நிரப்பிய உறிஞ்சுகுழி. தூய்மை பாரத இயக்கம் (ஊரகம்) 2020-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தின் வழிகாட்டுதலும் வீட்டளவில் முடிப்பதைத்தான் முதலில் சொல்கிறது. 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 280 ரூபாய், அதற்கு மேல் போனால் 660 ரூபாய் என்று கழிவுநீர் வேலைக்கு வரம்பு வைத்தார்கள். 2,000 பேர் உள்ள ஊருக்கு 5 லட்சத்து 60 ஆயிரம். இதில் 70 சதவீதம் இயக்கத்தின் பணம், 30 சதவீதம் மத்திய நிதிக்குழு பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் மானியம்.

கழிப்பறைக்கு 12,000 ரூபாய் தந்தது போல இது பயனாளி கணக்கில் வந்து விழாது. ஊராட்சி எடுத்துச் செய்யும் வேலை இது. தனி வீட்டுக் குழிகள் பெரும்பாலும் 100 நாள் வேலைத் திட்டத்தில்தான் வெட்டப்பட்டன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் 125 நாள் வேலைக்கான புதுச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதனால் உங்கள் குழியை எந்தத் திட்டத்தில் எழுதுகிறார்கள் என்று ஊராட்சி செயலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. மனுவில் வீட்டு முகவரி, வேலை அட்டை எண், குழிக்கான இடம் மூன்றையும் எழுதுங்கள். தீர்மானத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். அப்புறம், அனுமதி வருவதற்குள் அவசரப்பட்டு நீங்களே தோண்டிவிடாதீர்கள். 100 நாள் வேலையில் தோண்டும் முன், வேலை நடக்கும்போது, முடிந்த பிறகு என்று இடக்குறியீட்டோடு மூன்று கட்டமாகப் படம் எடுப்பார்கள். முதல் படம் இல்லாத குழிக்குக் கூலி வாங்குவது பெரும்பாடு.

குழி ஒரு மீட்டர் நீள, அகல, ஆழம் இருந்தால் சின்னக் குடும்பத்துக்குப் போதும். அடியில் பெருங்கல், அதன் மேல் உடைகல், மேலே ஜல்லி. உண்மையில் குழியைக் காப்பாற்றுவது அதற்கு முன்னால் வைக்கும் சின்ன வண்டல் தொட்டிதான். சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு நுரை, தலைமுடி எல்லாம் அங்கே நின்றுவிட வேண்டும். அந்தத் தொட்டி இல்லாமல் உறையை இறக்கி மூடி போட்டுப் படம் எடுத்துப் போன குழிகள் ஊருக்கு ஊர் உண்டு. சீக்கிரமே அடைத்துக்கொண்டு பழையபடி தெருவில்தான் ஓடும். ஆகவே மதிப்பீட்டில் வண்டல் தொட்டி இருக்கிறதா என்று ஓவர்சீயரிடம் கேளுங்கள். வாரம் ஒரு தடவை அதை அள்ளிக் கொட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு.

குடிநீர்க் கிணறு, அடிகுழாய் பக்கத்தில் தோண்டக்கூடாது, 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் இடமும் ஆகாது. கரிசல் மண் தண்ணீரை இழுக்காது. அங்கே குழியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கோ ஊர்ப் பொதுக் கால்வாய்க்கோ கேட்பது மேல். குளியலறைக் குழாயைக் கழிப்பறைக் குழியில் சேர்த்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழி தண்ணீரிலேயே கிடந்தால் மலம் மட்கி உரமாகாது.

கொல்லையே இல்லாமல் சுவரோடு சுவராக இருக்கும் தெருக்காரர்கள் சேர்ந்து சமுதாய உறிஞ்சுகுழி கேட்கலாம். அதற்கும் அதே கிராம சபைத் தீர்மானம்தான், தெருவில் எந்தப் புறம்போக்கில் வெட்டலாம் என்பதையும் மனுவிலேயே குறித்துக் கொடுத்தால் வேலை சுலபம்.