பல்லு ஆடுதுன்னு வந்தவரோட சுகர் கதை

போன வருஷம் ஒருத்தர் வந்தாரு, 55 வயசு இருக்கும், கீழ முன்பல்லு ரெண்டு ஆடுது, புடுங்கிவிட்டுருங்க டாக்டர்னு சொல்லிட்டு சேர்ல உக்காந்தாரு. சுகர் இருக்கான்னு கேட்டதும் மனுஷன் பொலபொலன்னு கொட்டிட்டாரு. நைட்டு ரெண்டு சப்பாத்திதான், காலைல ஒரு மணி நேரம் நடக்குறேன், டீயில சக்கரைய நிறுத்தி நாலு வருஷமாச்சு, ஆனாலும் மூணு மாச சுகர் (எச்பிஏ1சி) 8.9ல வந்து நிக்குது, இப்ப மூணாவதா ஒரு மாத்திரை சேர்த்திருக்காங்க, வீட்டுல என்னடான்னா நான் திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிடுறேன்னு சந்தேகப்படுறாங்கன்னு.

வாயத் திறக்கச் சொன்னேன். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல அளவு போட்ட மெல்லிசான ஒரு கம்பிய விட்டு ஆழம் பாப்போம், நல்ல ஈறுல 3 மில்லிமீட்டருக்கு மேல இறங்காது. இவருக்கு 6, சில இடத்துல 7. தொட்ட இடமெல்லாம் ரத்தம். பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருமான்னு கேட்டா, "அது பத்து வருஷமா வருதுங்க, பிரஷ் ஹார்டா இருக்கும்னு நெனச்சேன்"ங்குறாரு. கையில ஒரு புண்ணுல பத்து நாள் ரத்தம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், வாய்க்குள்ள வந்தா மட்டும் துப்பிட்டுப் போயிடுறோம்.

இந்த ஈறு நோய்ல ஈறோட உள்பக்கம் பூரா புண்ணுதான். எங்க ஆளுங்க சில பேரு "உள்ளங்கை அளவு புண்ணு"ன்னு சொல்லி பயமுறுத்துவாங்க, அது கொஞ்சம் ஓவர், அளந்து பாத்தவங்க கணக்குப்படி 8லேருந்து 20 சதுர சென்டிமீட்டர் வரும், அதுவே கம்மியில்ல. அந்தப் புண்ணு வழியா கிருமியும் அதோட கழிவும் தினமும் ரத்தத்துல கலக்குது, உடம்பு சும்மா இருக்குமா, சண்டைக்கு ஆள் அனுப்புது. இந்த சண்டையத்தான் இன்ஃப்ளமேஷன், தமிழ்ல அழற்சின்னு சொல்றோம். (நம்ம ஊர்ல சொல்ற "உடம்பு சூடு" வேற, இது வேற, இளநி குடிச்சா இது தணியாது.)

சரி, ஈறுல நடக்குற சண்டைக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? சண்டை போடுற செல்லுங்க டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 மாதிரி சில ரசாயனங்கள ரத்தத்துல விடும். இன்சுலின்ங்கிறது சாவி, அது தசை செல்லோட கதவத் திறந்தாத்தான் சர்க்கரை உள்ள போகும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சாவி சரியாத்தான் இருக்கு, இந்த ரசாயனங்க பூட்டுல துரு ஏத்திடுது, அப்புறம் எத்தன சாவி போட்டாலும் கதவு பாதிதான் திறக்கும். 1993ல அமெரிக்காவுல ஹோட்டமிஸ்லிகில்னு ஒரு விஞ்ஞானியும் அவர் கூட இருந்தவங்களும் குண்டு எலிங்களோட கொழுப்புல இந்த டிஎன்எஃப் ஆல்ஃபா அதிகமா இருக்குறத கண்டுபிடிச்சாங்க, அத அடக்குனதும் எலிக்கு இன்சுலின் நல்லா வேலை செஞ்சுது. அதாவது தொப்பைக் கொழுப்பு சும்மா தொங்கிட்டு இருக்குற மூட்டை இல்ல, அதுவும் ஓயாம புகைஞ்சுட்டே இருக்குற அடுப்புதான். டைப் 2 சுகர்ல பெரிய அடுப்பு அது, ஈறு சின்ன அடுப்பு, ஆனா ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள.

இதுல கொடுமை என்னன்னா இது ரெண்டு பக்கமும் ஓடுற வண்டி. சுகர் ஏறினா வெள்ளை அணுக்கள் சரியா வேலை செய்யாது, எச்சில் கொறஞ்சு வாய் காயும், புண்ணு ஆறாது, அதனால ஈறு இன்னும் கெடும், ஈறு கெட்டா சுகர் இன்னும் ஏறும். இதுல பீடி சிகரெட் பிடிக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம், நிக்கோட்டின் ரத்தக் குழாய சுருக்கிடுறதால ஈறு உள்ளுக்குள்ள அழுகினாலும் ரத்தமே வராது, எனக்கு ஒண்ணுமில்லன்னு தெம்பா இருப்பாங்க.

அழற்சிதான் வில்லன்னா அத அடக்குற மாத்திரை போட்டா முடிஞ்சுதேன்னு ஒரு பேஷண்ட் கேட்டாரு, நல்ல கேள்விதான். ஆனா அழற்சிய அடக்குறதுல பெரிய கை ஸ்டீராய்டு, அது ஈரல்லேருந்து சர்க்கரைய வெளிய தள்ளிவிட்டு, இன்சுலினையும் வேலை செய்யவிடாம பண்ணி, சுகர எகிற வச்சிடும், கொரோனா நேரத்துல டெக்ஸாமெத்தசோன் போட்டவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. வலி மாத்திரையும் அழற்சிய அடக்கும், ஆனா அத தினமும் முழுங்கினா கிட்னி கெட்டுப்போகலாம். அதனால தீய அணைக்கிற மருந்து தேடாம விறக உருவுறதுதான் வழி.

விறக உருவினா எவ்வளவு இறங்கும்? காக்ரேன்னு ஒரு அமைப்பு 2022ல 35 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்துச்சு, ஈறுக்கு ஆழமா க்ளீனிங் பண்ணவங்களுக்கு மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி சராசரியா 0.43 இறங்கியிருக்கு. அதாவது 8.5 இருந்தா 8.1 பக்கம். என்ன இவ்வளவுதானான்னு தோணும், ஆனா கூடுதலா ஒரு மாத்திரை போட்டா சில சமயம் இதுக்குக் கொஞ்சம் மேலதான் கிடைக்கும். இத நம்பி சுகர் மாத்திரைய நிறுத்திடாதீங்க, அப்படி சொல்ற டாக்டர் யாரும் இல்ல.

நம்மாளுக்கு அந்த ரெண்டு பல்ல காப்பாத்த முடியல, எடுத்துட்டோம். மத்ததுக்கு நாலு சிட்டிங்ல வேர் வரைக்கும் க்ளீன் பண்ணோம். அடுத்த தடவ 8.1ன்னு ரிப்போர்ட்ட தூக்கிட்டு வந்தாரு. புது மாத்திரையும் அதே நேரத்துலதான் ஆரம்பிச்சாங்க, அதனால எவ்வளவு என் வேலை எவ்வளவு மாத்திரை வேலைன்னு பிரிச்சு சொல்ல முடியாது. வீட்டுல ஸ்வீட் சந்தேகம் தீந்துச்சாம்.

க்ளீனிங் பண்ணா பல்லு ஆடும்னு இன்னும் பாதிப் பேர் நம்புறாங்க. ஏற்கனவே எலும்பு கரைஞ்சு ஆடிட்டு இருந்த பல்ல, அதுமேல கெட்டியா படிஞ்ச காரைதான் சிமெண்ட் மாதிரி புடிச்சு வச்சிருக்கும், அத எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரியும், பழி எங்க மேல.

இன்னொரு விஷயம், சுகர் இருக்குறவங்க க்ளீனிங்குக்கு வெறும் வயித்துல வராதீங்க, ரத்த டெஸ்ட் மாதிரி நெனச்சு மாத்திரைய மட்டும் போட்டுட்டு பட்டினியா வந்து சேர்லயே வேர்த்து மயங்கினவங்க இருக்காங்க. இட்லி சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைய போட்டுட்டு, காலைலயே வாங்க, கடைசியா எடுத்த சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க.