பாதிக் குழல் பீரங்கி

1942-இல் நியூ கினித் தீவின் கொக்கோடா மலைத்தடத்தில், ஜப்பானியர்கள் மலைப் பீரங்கியைத் துண்டு துண்டாகக் கழற்றித் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்கள். எதிரே நின்ற ஆஸ்திரேலியர்களின் ‘25 பவுண்டர்’ (25 பவுண்டு குண்டு எறிவது) பீரங்கியோ ஒன்றரை டன்னுக்கு மேல். மோட்டார் சாலை முடிந்த இடத்துக்கு அப்பால் அந்தச் சேற்றில் அதை இழுப்பது படாதபாடு.

சரி, எடையைக் குறைக்க எதை வெட்டுவது? குழலையே வெட்டினார்கள். இரண்டரை மீட்டர் அளவிலிருந்த குழல் ஏறக்குறையப் பாதியானது. முன்னாலிருந்த கவசத் தகடும் போயிற்று. 1943-இல் களத்துக்கு வந்த இந்தக் குட்டைப் பீரங்கி சுமார் 300 கிலோ இளைத்திருந்தது. ஜீப் இழுக்கும், கழற்றினால் விமானத்தில் ஏற்றலாம்.

ஆனால் இயற்பியல் சும்மா விடுமா? வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை அதைத் தள்ளிக்கொண்டே வரும். குழல் பாதியானால் தள்ளுகிற தூரமும் பாதி. குண்டின் வேகம் குறையும், போய் விழும் தூரமும் குறையும். செலவாகாத அழுத்தம் குழல் வாயில் தீயும் பேரொலியுமாக வெளிப்படும். மறைத்துக்கொள்ளக் கவசமும் இல்லாததால், குழலின் வாயில் ஒரு கூம்பை மாட்டி வீரர்களைக் காப்பாற்றினார்கள். இன்னொரு தொல்லை பின்னுதைப்பு. குண்டு அதே 11 கிலோ சொச்சம், பீரங்கிதான் மெலிந்துவிட்டது. சுட்டால் துள்ளியது.

தூரம் குறைந்ததை நான் பெரிய இழப்பாகச் சொல்ல மாட்டேன். அடர்காட்டில் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவனே கண்ணில் படமாட்டான். குண்டு எங்கே விழுந்தது என்பதையே பல நேரம் காதால்தான் கணித்தார்கள்: முதல் குண்டை வேண்டுமென்றே தள்ளிப் போட்டு, சத்தத்தை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவது. அவசரப்பட்டால், குண்டு மரக்கிளையில் பட்டு மேலேயே வெடித்துச் சொந்த ஆட்கள் தலையில் சிதறும்.

1943 செப்டம்பர் 5-இல் நியூ கினியின் நாட்ஸாப் என்ற இடத்தில், இரண்டு குட்டைப் பீரங்கிகளைப் பாகம் பாகமாகப் பாராசூட்டில் இறக்கினார்கள். கூடவே பீரங்கி வீரர்களும் குதித்தார்கள். பாராசூட் பயிற்சி அவர்களுக்குப் பேருக்குத்தான். விழுந்த இடமெல்லாம் ஆளுயரப் புல். ஒரு பீரங்கியை அன்றே பூட்டிவிட்டார்கள். மற்றதில், பின்னுதைப்பை வாங்கிக்கொண்டு குழலை மறுபடி முன்னுக்குத் தள்ளும் பாகத்தைக் காணோம். புல்லை விலக்கி விலக்கித் தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.