பாட்டுக்குச் சண்டை போடுங்கள், பங்கை எழுதி வைத்துவிட்டு

பதிப்புரிமை வழக்கறிஞராக நான் சந்திக்கும் இசைக்குழுக்கள் பெரும்பாலும் உடைந்த பிறகுதான் வருகின்றன. ஒருவர் மெட்டுப் போட, இன்னொருவர் வரி எழுத, ஆண்டுக்கணக்கில் ஒரே அறையில் உட்கார்ந்து பாட்டுச் செய்தவர்கள் இப்போது ஆளுக்கொரு வழக்கறிஞர் வைத்து நோட்டீஸ் அனுப்பிக்கொள்வார்கள். "என் வரியை அவன் கெடுத்துவிட்டான்", "என் மெட்டை அவள் ஒருநாளும் மதித்ததில்லை" என்றுதான் பேச்சு தொடங்கும். கொஞ்சம் பேசவிட்டால் உண்மையான காயம் வெளியே வரும். யூடியூபில் பாட்டுக்குக் கீழே ஒருவர் பெயர் மட்டும் இருக்கும். அல்லது விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுத்து வந்த பணம் ஒருவர் கணக்குக்கு மட்டும் போயிருக்கும். வரியை மாற்றினான் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் வரை வந்தவரை நான் பார்த்ததில்லை.

இளம் குழுக்கள் இந்த இரண்டு சண்டைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற சண்டை வேண்டும். அது இல்லாத கூட்டணியில் நல்ல பாட்டு பிறப்பது அரிது. பாட்டு யாருடையது என்ற சண்டைதான் குழுவைத் தின்றுவிடுகிறது.

முதல் சண்டைக்கு பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1957 ஜூலை 6-ஆம் தேதி லிவர்பூலின் வூல்டன் பகுதியில் ஒரு தேவாலய விழாவில் சந்தித்தபோது ஜானுக்கு வயது 16, பாலுக்கு 15. யார் எழுதினாலும் இருவர் பெயரும் போட வேண்டும் என்று பதின்ம வயதிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். இருவரும் எதிரெதிர் சுபாவம். 1967-இல் வந்த 'கெட்டிங் பெட்டர்' பாட்டைக் கேளுங்கள். எல்லாம் சீராகிக்கொண்டே வருகிறது என்று பால் பாடிக்கொண்டு போகிறார். இதற்குமேல் மோசமாக முடியாது என்று ஜான் ஒரு வரியைக் குறுக்கே போடுகிறார். அந்த ஒற்றை வரி வந்ததும் பாட்டின் இனிப்பில் காரம் ஏறிவிடுகிறது. 1965-இன் 'வி கேன் ஒர்க் இட் அவுட்' பாட்டிலும் இதே கதைதான். பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை பாலுடையது. வாழ்க்கை ரொம்பச் சின்னது என்று அவசரப்படும் நடுப்பகுதி ஜானுடையது. அந்த நடுப்பகுதியின் ஓரிடத்தில் தாளத்தை மும்மூன்றாக மாற்றலாம் என்று யோசனை சொன்னவர் அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசன். பாட்டில் அவர் பெயர் இல்லை. இருவர் கூட்டணியில் மூன்றாமவர் கொடுத்தது எப்படிக் கணக்கில் வராமல் போகிறது என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வரியை மற்றவர் தயக்கமின்றி வெட்ட முடிந்ததற்கு, பெயர்ப் பிரச்சினை முன்பே தீர்ந்திருந்ததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. வரி விழுந்தாலும் பங்கு குறையாது அல்லவா? ஆனால் அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. 1965-இன் 'யெஸ்டர்டே' பாலே தனியாக எழுதியது. பதிவிலும் அவரைத் தவிர மற்ற மூவரும் இல்லை. ஆனாலும் லெனன் பெயர்தான் முன்னால் நிற்கிறது. 2002-இல் மெக்கார்ட்னி ஒரு நேரலைத் தொகுப்பில் பல பாடல்களுக்குத் தம் பெயரை முன்னால் போட, லெனனின் மனைவி யோகோ ஓனோ தரப்புடன் பகிரங்கமாக உரசல் எழுந்தது. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இவர்கள் பாடல்களின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனத்தில் இசைப் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தன் பங்கை 1969-இல் ஏடிவி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். எழுதிய இருவரும் மீட்க முயன்றும் முடியவில்லை.

அடுத்து நான் எல்லோரிடமும் சொல்லும் வழக்கு. 1967-இல் வந்த 'எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டில் ப்ரோகோல் ஹாரம் குழு போட்ட பெயர்கள் இரண்டு: இசை கேரி ப்ரூக்கர், வரிகள் கீத் ரீட். பாட்டு எழுதி முடித்த பிறகு குழுவில் சேர்ந்தவர் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர். பாட்டின் தொடக்கத்திலும் சரணங்களுக்கு நடுவிலும் ஜெர்மன் இசைமேதை பாஹ் சாயலில் ஒலிக்கும் அந்த ஆர்கன் இசை அவர் அமைத்தது. அதை எடுத்துவிட்டால் பாட்டை அடையாளம் காண்பதே கடினம். அவர் 2005-இல்தான் வழக்குப் போட்டார், அதாவது 38 ஆண்டுகள் கழித்து. 2006-இல் பிரிட்டன் உயர் நீதிமன்றம் அவரை இணை ஆசிரியராக, அதாவது பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக ஏற்று, இசையின் உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது. 2008-இல் மேல்முறையீட்டில், இணை ஆசிரியர்தான், ஆனால் இவ்வளவு தாமதமாக வந்தவருக்குப் பணம் கிடையாது என்றார்கள். 2009 ஜூலையில், அப்போது அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுத்தது. வென்றார்தான். ஆனால் வழக்குக்கு முந்தைய ஆண்டுகளின் பணம் அவருக்கு வரவில்லை.

அப்படியானால் குழுவில் வாசிக்கும் ஒவ்வொருவரும் இணை ஆசிரியரா? இல்லை. ஸ்பாண்டோ பாலே குழுவில் கேரி கெம்ப் எழுதிய பாடல்களில் பங்கு கேட்டு, பாடகரும் சாக்ஸபோன் கலைஞரும் டிரம்ஸ் கலைஞரும் 1999-இல் வழக்காடித் தோற்றார்கள். பாட்டை நன்றாக வாசித்துக் கொடுப்பது வேறு, பாட்டை உருவாக்குவது வேறு என்பது நீதிமன்றத்தின் நிலை. எல்லைக்கோடு எங்கே என்று ஒத்திகை அறையில் யாருக்கும் தெரியாது. எனக்கும் பல நேரங்களில் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் புரிகிறது.

தி ஸ்மித்ஸ் குழுவின் வழக்கு இன்னொரு வகை. பாடல்களை எழுதியவர்கள் மோரிஸ்ஸியும் ஜானி மாரும் என்பதில் தகராறே இல்லை. ஒலிப்பதிவு, மேடை வருமானத்தில்தான் தகராறு. இவர்கள் இருவருக்கும் ஆளுக்கு 40 சதவீதம், மற்ற இருவருக்கும் பத்துப் பத்து என்று பணம் பிரிந்தது. அதற்கு ஒப்புக்கொண்டதாக ஒரு காகிதம் கிடையாது. டிரம்ஸ் கலைஞர் மைக் ஜாய்ஸ் வழக்குப் போட, 1996-இல் நீதிமன்றம் 1890-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தை எடுத்து வைத்தது: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு. ஜாய்ஸுக்கு 25 சதவீதம் கிடைத்தது. பேஸ் கிடார் வாசித்த ஆண்டி ரூர்க் முன்பே சமரசமாகி பத்து சதவீதத்தோடு நின்றுவிட்டிருந்தார்.

இங்கே நம் ஊர்க் குழுக்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 13-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. நமது 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரிகள் தனிப் படைப்பு, இசை தனிப் படைப்பு. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள ராயல்டி உரிமையைக் கையெழுத்து வாங்கிப் பறிப்பது எளிதல்ல. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆசிரியராகக் கணக்கில் வருபவருக்குத்தான். வாசிப்பவருக்கு உள்ள நிகழ்த்துநர் உரிமை வேறு.

எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துக்கொண்ட குழுக்களும் உண்டு. ஆர்.இ.எம். நால்வரும் பாடல்களுக்கு நால்வர் பெயரையும் போட்டார்கள்; 2011-இல் வழக்கு வம்பு இல்லாமல் கலைந்தார்கள். குயின் 1989-இல்தான் அந்த வழிக்கு வந்தது. 1975-இல் 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் பின்பக்கத்தில் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரின் பாட்டு இருந்ததால், தட்டு விற்க விற்க அவருக்கும் முன்பக்கத்துக்கு நிகரான பணம் சேர்ந்தது. அந்தக் கசப்பு குழுவுக்குள் பல காலம் இருந்தது. ஆனாலும் சம பங்கை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவரே முழுப் பாட்டையும் வீட்டில் முடித்துக் கொண்டுவரும் குழுவில் அது இன்னொரு புழுக்கத்தை உண்டாக்கும்.

எந்த வழியானாலும், பாட்டு பதிவான அன்றே, ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வரிகளில் யாருக்கு எத்தனை சதவீதம், இசையில் எத்தனை, ஒலிப்பதிவு வருமானத்தில் எத்தனை, ஒருவர் விலகினால் குழுவின் பெயர் யாரிடம் இருக்கும். எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பாட்டைப் பதியும்போதும் இதே எண்களையே கொடுங்கள். ஒத்திகையில் கைபேசியில் பிடித்த ஒலிப்பதிவுகளை அழிக்காதீர்கள். எந்த மெட்டு யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இந்தப் பேச்சை எடுக்க வேண்டியவர் அதிகம் எழுதுபவர். டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் தானாக வந்து கேட்க மாட்டார், கேட்டால் நட்பு கெட்டுவிடும் என்று பயப்படுவார். ஏற்கெனவே வெளியாகிவிட்ட பாடல்களுக்கும் இப்போது எழுதலாம். பழைய தேதி மட்டும் போடாதீர்கள். இன்றைய தேதியையே போடுங்கள்.