இடைத்தேர்தல் அன்று லீவு எடுத்தால் சம்பளம் பிடிக்கலாமா?

ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்து சம்பளச் சீட்டை மேசையில் வைத்தார். ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். அந்த நாளில் அவர் எங்கே போனார் என்பதற்கு அத்தாட்சி, ஆட்காட்டி விரல் நகத்தோடு வளர்ந்து மேலே வந்திருந்த மை. ஓட்டு இருப்பது இடைத்தேர்தல் நடந்த தொகுதியில், ஆலை இருப்பது பக்கத்துத் தொகுதியில். "இங்க எலெக்‌ஷனே இல்லையேம்மா, அப்புறம் என்ன லீவு?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம்.

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் எனக்கு ஒவ்வொரு இடைத்தேர்தலுக்குப் பிறகும் இந்தப் புகார் வருகிறது. பொதுத்தேர்தல் என்றால் ஊரே லீவு, பிரச்சினை இல்லை. காலியான இடத்தை 6 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது பொது விதி என்பதால் இடைத்தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரும், பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும்: ஈரோடு கிழக்கில் 2023 பிப்ரவரி 27 திங்கட்கிழமை, 2025 பிப்ரவரி 5 புதன்கிழமை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி தெளிவாகவே இருக்கிறது. மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ ஓட்டுப் போட உரிமையுள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு அன்று சம்பளத்தோடு விடுமுறை. ஓட்டு எங்கே என்பதுதான் கணக்கு, கம்பெனி எங்கே என்பது இல்லை. தினக்கூலிக்காரர்களுக்கும் அன்றைய கூலி உண்டு, இதைத்தான் பலர் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். "இரண்டு மணி நேரம் பர்மிஷன் தருகிறோம், போட்டுவிட்டு வா" என்பதும் சரியில்லை, சட்டம் சொல்வது விடுமுறை. மீறினால் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். சின்னத் தொகைதான், ஆனால் சட்டத்தை மீறியதாகப் பதிவாவதை எந்த நிர்வாகமும் விரும்பாது. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் என்கிற வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

தேதி அறிவித்ததும் வாக்காளர் அட்டை நகலோடு தொகுதியையும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, கைவசம் ஒரு ஆதாரம் இருக்க வேண்டும். மறுத்தால் தொழிலாளர் துறையிடமும் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் அன்றைக்கே புகார் கொடுங்கள்.

நோட்டீஸ் அனுப்பிய பிறகு அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடித்த பணம் அடுத்த மாதமே வந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் இரண்டு பேர், சம்பளம் போய்விடுமே என்று பயந்து அன்றைக்கு ஓட்டுப் போடவே போகவில்லையாம். அவர்களுக்கு எதைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது?