டிசிபி உங்கள் செய்திகளை எண்ணுவதில்லை

இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக அதே பிழையைத் திருத்திவிட்டு இதை எழுதுகிறேன். ஒரு கிடங்கின் எடைமேடையிலிருந்து சர்வருக்கு எடை விவரம் அனுப்பும் மென்பொருள் அது. அலுவலகக் கணினியில் குறையின்றி ஓடியது. கிடங்கில் நிறுவிய பிறகு சில லாரிகளின் எடை பாதி இலக்கங்களோடும், சில நேரம் இரு லாரிகளின் எடை ஒன்றாக ஒட்டிக்கொண்டும் பதிவானது. கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி நம்பகமானதுதானே, நெட்வொர்க்கில்தான் கோளாறு என்று மென்பொருளை எழுதியவர்கள் சாதித்தார்கள்.

டிசிபி நம்பகமானதுதான். ஆனால் கொடுத்த பைட்டுகளை வரிசை மாறாமல், விடுபடாமல் மறுமுனையில் சேர்ப்பதற்கு மட்டுமே அது பொறுப்பேற்கிறது. ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் மூன்று முறை 'சென்ட்' (அனுப்பு) கட்டளையை அழைத்து அனுப்பியதை மறுமுனை ஒரே 'ரிசீவ்' (பெறு) அழைப்பில் பெறலாம். ஒருமுறை அனுப்பியது நான்கு துண்டுகளாகவும் வரலாம். இரண்டுமே சரியான நடத்தை. ஒரே கணினிக்குள் அனுப்பும்போது ஒவ்வொன்றும் உடனுக்குடன் வாசிக்கப்படுவதால் இது வெளியே தெரிவதில்லை. கிடங்கின் வைஃபையில் ஒரு பாக்கெட் தொலைந்தால், பின்னால் வந்தவையும் அதற்காகக் காத்திருந்து மொத்தமாக வந்து சேரும். வந்ததை வாசிக்க மென்பொருள் ஒதுக்கிய 256 பைட் பஃபர் (தற்காலிக நினைவிடம்) ஒரு பதிவின் நடுவிலேயே நிரம்பிவிடும்.

இணையதளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் நெறிமுறையைப் பாருங்கள். அது யுடிபி, டிசிபி என்ற இரண்டு வழிகளிலும் போகும். யுடிபியில் ஒரு டேட்டாகிராம் (தனித்தனியாகப் போகும் தரவுப் பொதி) ஒரு செய்தி என்பதால் அங்கே நீளம் குறிக்கப்படுவதில்லை. அதே செய்தி டிசிபியில் போகும்போது முன்னால் 2 பைட்டில் நீளம் எழுதப்பட வேண்டும் என்று 1987லேயே வரையறுத்துவிட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு செய்தியின் முன்னும் அதன் நீளத்தை எழுதுங்கள். அத்தனை பைட்டும் வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப வாசியுங்கள். நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். இரண்டு செய்திகளுக்கிடையே 'ஸ்லீப்' (சற்று நேரம் காத்திரு என்ற கட்டளை) போட்டுச் சமாளிக்காதீர்கள். சிறு துண்டுகளைச் சேர்த்து அனுப்பும் டிசிபியின் நேகில் வழிமுறையை அணைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்றும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். 'சென்ட்' வெற்றி என்று திரும்பினால், உங்கள் கணினியின் இயங்குதளம் பைட்டுகளை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். முழு உறுதியை இருமுனையிலுள்ள பயன்பாடுகளே தர முடியும் என்பதை சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற கணினி அறிஞர்கள் மூவரும் 1984இல் வெளியான கட்டுரையிலேயே விளக்கியிருக்கிறார்கள். எடையைத் தரவுத்தளத்தில் எழுதிய பிறகு எடைமேடை அந்தப் பதிவுக்கு இட்ட எண்ணை சர்வர் திருப்பி அனுப்பட்டும். அது வரும்வரை எடைமேடை தன் நகலை அழிக்க வேண்டாம். மறுபடி அனுப்பும்போது அதே எண்ணோடு அனுப்பினால், ஒரே லாரி இருமுறை பதிவாவதையும் சர்வர் தடுத்துவிடும்.