நாலே பல்லு, ஆனா 40 பல் பிளேடை தோற்கடிக்குது: ஃபைபர் சிமெண்ட் டிரிம் அறுக்கற கதை

முதல் தடவை ஃபைபர் சிமெண்ட் டிரிம், அதாவது சுவர், ஜன்னல் ஓரத்துல அழகுக்கு அடிக்கற நார் கலந்த சிமெண்ட் போர்டு பட்டையை அறுத்தப்ப என்கிட்ட இருந்தது மர வேலைக்கு வாங்கின 40 பல் கார்பைடு பிளேடுதான். புதுசு, பிளைவுட்ல விட்டா வாழைத்தண்டு அறுக்கற மாதிரி போகும், அதனால பல்லு நிறைய இருக்கு கட்டிங் நைசா வரும்னு நம்பி ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துலயே சத்தம் மாறி கீச்சுனு கத்த ஆரம்பிச்சுது, தள்ளினாதான் நகருது, மாவு மாதிரி தூசி வேற. ப்ளக்கை புடுங்கிட்டு பல்லு நுனியை நகத்தால தொட்டு பார்த்தா கூர்மையே இல்ல, கூழாங்கல்லு மாதிரி மொழுமொழுன்னு இருக்கு.

கார்பைடு அவ்ளோ கெட்டியான ஐட்டம் ஆச்சே, எப்படி தேய்ஞ்சுதுன்னு அப்ப புரியல. போர்டுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தா விஷயம் பிடிபடும். சிமெண்ட், அரைச்ச மணல், மரக்கூழ் நார், தண்ணி, இதான் கலவை. நிறைய போர்டுகளை ஆட்டோகிளேவ்ல நீராவி அழுத்தத்துல வேக வைப்பாங்க, அப்ப மணல்ல ஒரு பகுதி சிமெண்டோட வினை புரிஞ்சு இறுகிடும், ஆனா மிச்ச மணல் குவார்ட்ஸ் துகளாவே உள்ள உக்காந்திருக்கும். கெட்டித்தன்மையை அளக்கற மோஸ் அளவுல குவார்ட்ஸ் 7, டங்ஸ்டன் கார்பைடு 9 பக்கம். அப்போ கணக்குப்படி கார்பைடுதானே ஜெயிக்கணும்?

ஜெயிக்காது, ஏன்னா பிளேடு நுனியில இருக்கறது முழுக்க கார்பைடு இல்ல. பொடிப்பொடியான கார்பைடு துகள்களை கோபால்ட்ங்கற உலோகம் பசை மாதிரி பிடிச்சு வச்சிருக்கு, அந்த கோபால்ட் குவார்ட்ஸை விட சாஃப்ட். மணல் போயி கார்பைடு துகளை ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, சுத்தி இருக்கற கோபால்ட்டை சுரண்டினா போதும், பிடிமானம் போன துகள் தானா கழண்டு விழுந்துடும். செங்கல்லை உடைக்காம நடுவுல இருக்கற சாந்தை மட்டும் சுரண்டி சுவரை சாய்க்கற வேலை அது.

ஃபைபர் சிமெண்டுக்குன்னு விக்கற பிளேடுல பிசிடின்னு போட்டிருக்கும், பாலிகிரிஸ்டலைன் டைமண்ட். டைமண்ட் தூளை கார்பைடு துண்டு மேல வச்சு 1400 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு பண்ணி, நம்மளை சுத்தி இருக்கற காத்தழுத்தத்தை போல 50,000 மடங்குக்கு மேல அமுக்கி செய்றாங்க. இதுலயும் கோபால்ட் இருக்கு, ஆனா டைமண்ட் துகள் ஒண்ணோட ஒண்ணு நேரடியா பிணைஞ்சு ஒரு எலும்புக்கூடு மாதிரி நிக்குது, மேல இருக்கற கோபால்ட் போனாலும் கூடு கலையறதில்ல. கெட்டித்தன்மையை விட இந்த விஷயம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது.

சரி, பல்லு ஏன் கம்மி? 7¼ இன்ச் பிளேடுல பெரும்பாலும் 4 அல்லது 6 பல்லுதான் இருக்கும், 10, 12 இன்ச்லயும் ஒற்றை இலக்கம்தான் சாதாரணம். டைமண்ட் காஸ்ட்லி அதான் மிச்சம் பிடிக்கறாங்கன்னு நானும் நினைச்சேன், அது பாதிதான் உண்மை. ஒரு சின்ன கணக்கு போடுங்க. நிமிஷத்துக்கு 5000 சுத்து சுத்தற சர்குலர் சா, நீங்க நிமிஷத்துக்கு 3 மீட்டர் தள்றீங்க, அதாவது செகண்டுக்கு 50 மி.மீ. 40 பல்லுன்னா செகண்டுக்கு 3333 கடி, ஒரு கடிக்கு 0.015 மி.மீ. தான் கிடைக்கும். 4 பல்லுன்னா 333 கடி, ஒவ்வொண்ணுக்கும் 0.15 மி.மீ. பத்து மடங்கு. முனை கொஞ்சம் மழுங்கின பல்லுக்கு 0.015 மி.மீ. கொடுத்தா அது வெட்டாது, மேல சும்மா உரசிட்டு போகும், உரசினா சூடு, சூடானா இன்னும் தேய்மானம், வர்றதெல்லாம் நைஸ் தூள். பெரிய கடி கிடைச்ச பல்லு சிமெண்டை துணுக்கு துணுக்கா பேர்த்து எடுக்கும். மரத்துல நாரை அறுக்கணும், அதனால அங்க நிறைய பல்லு நல்லது, சிமெண்ட் நொறுங்கற சாமான், ரெண்டுக்கும் ஒரே நியாயம் கிடையாது. பல்லோட வடிவமும் இப்படித்தான், மர பிளேடு மாதிரி இடமும் வலமும் சாய்ஞ்ச கூர் மூக்கு இங்க சீக்கிரம் உடைஞ்சிடும், தட்டையான பல்லு தாங்கும்.

கல்லு, டைல்ஸ் அறுக்கற பல்லே இல்லாத டைமண்ட் வீல் போட்டா? அறுபடும். ஆனா அது அறுக்கறதில்ல, அரைக்குது. நான் அதை சர்குலர் சாவுல போட மாட்டேன், காரணம் தூசி. குவார்ட்ஸை நைசா அரைச்சா நுரையீரலோட அடி வரைக்கும் போற சிலிக்கா துகள் வரும், சிலிக்கோசிஸ்ங்கற நுரையீரல் நோய் அப்படித்தான் வருது, 1997லயே புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு இந்த சிலிக்கா தூசியை முதல் வகுப்பு புற்றுநோய் காரணியா வகைப்படுத்திடுச்சு. பல்லு கம்மியான பிளேடு போட்டா தூசி இல்லாம போயிடாது, கரடுமுரடான தூளா அதிகம் விழும், அவ்ளோதான். அதனால வெளிய வச்சு அறுக்கணும், சாவுல தூசி உறிஞ்சற வாக்குவம் மாட்டணும், துணி கட்டிக்கறதெல்லாம் கணக்குல வராது, முகத்துல ஒட்டி உக்கார்ற ரெஸ்பிரேட்டர் வேணும்.

டிரிம்ல விளிம்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும், அதனால எந்த பக்கம் மேலன்னு பாருங்க. பல்லு வெளிய வர்ற பக்கம்தான் சில்லு தெறிக்கும். கையில பிடிக்கற சர்குலர் சாவுல பல்லு கீழ இருந்து மேல வரும், அதனால நல்ல முகம் கீழ. மேல இருந்து கீழ இறக்கி அறுக்கற மைட்டர் சாவுல தலைகீழ், நல்ல முகம் மேல. பிளேடு போர்டுக்கு கீழ ஒரு 5, 6 மி.மீ. எட்டினா போதும். பிளேடுல போட்டிருக்கற மேக்ஸிமம் ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) உங்க மெஷின் ஸ்பீடை விட கம்மியா இருந்தா அந்த பிளேடை மாட்டாதீங்க.

பிசிடிக்கு ஆணின்னா ஆகாது. டைமண்ட் கெட்டிதான், ஆனா கண்ணாடி மாதிரி நொறுங்கும், போர்டுல மறந்து விட்ட ஒரே ஒரு ஸ்க்ரூ மேல பட்டா ஒரு பல்லு பறந்துடும், 4 பல்லுல ஒண்ணு போனா மிச்ச மூணும் உதறிக்கிட்டே ஓடும். அடிபடாம இருந்தா ரொம்ப நாள் வரும். முடியப்போகுதுங்கறது எனக்கு முதல்ல தெரியறது தரையிலதான், குருணை மாதிரி விழுந்துட்டு இருந்த தூள் மாவா மாறியிருக்கும், காதுக்கும் பழைய கீச்சு திரும்ப வந்திருக்கும்.