வீசிய பின் கிடைக்கும் 0.6 வினாடி

தோள் உயரத்துக்குச் சற்று மேலே, சுமார் 1.7 மீட்டரிலிருந்து ஒரு கல்லை நழுவ விட்டால் 0.6 வினாடியில் தரையைத் தொட்டுவிடும். வாலில்லாத ஃபிளையிங் விங் ரிமோட் விமானத்தைக் கையால் வீசிப் பறக்கவிடுகிறவருக்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான். சக்கரமும் கிடையாது, ஓடுபாதையும் கிடையாது. அதற்குள் விமானம் தன் எடையைத் தானே தாங்கும் வேகத்துக்கு வந்தாக வேண்டும்.

அந்த வேகம் எவ்வளவு? 1 மீட்டர் அகலம், 900 கிராம் எடை, 0.27 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பு கொண்ட ஒரு நுரை விமானத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் வினாடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வருகிறது. அதற்குக் கீழே போனால் ஸ்டால்தான், அதாவது இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாமல் போகும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசினால் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் இறக்கை தாங்கும்.

வேகம் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. மூக்கில் ப்ரொப்பெல்லர் உள்ள மாடலில், அது தள்ளும் காற்று வால்மீது பாயும். மெதுவாகப் போனாலும் கட்டுப்பாடு ஓரளவு பிடிக்கும். ஃபிளையிங் விங்கில் ப்ரொப்பெல்லர் பெரும்பாலும் பின்னால் இருக்கிறது. திருப்பவும் ஏற்றி இறக்கவும் இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் இரண்டு தகடுகள், அதாவது எலவான்கள்தான். ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று அவற்றின்மேல் படுவதில்லை. விமானம் ஓடும் வேகத்தில்தான் அவற்றுக்குப் பலம். வீசியதும் தாழ்கிறதே என்று ரிமோட்டின் ஸ்டிக்கை இழுத்தால், எலவான்கள் இரண்டும் மேலே எழுந்து, இருக்கிற தூக்குவிசையையும் குறைத்து, வேகத்தையும் தின்றுவிடும்.

அதனால் பாதி வேலை வீசுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முக்கியமானது ஈர்ப்பு மையம். நிலையாகப் பறக்க அது இறக்கையின் நடுநிலைப் புள்ளிக்கு, அதாவது மூக்கு ஏறி இறங்கும்போது கூடிக் குறையும் தூக்குவிசை செயல்படும் இடத்துக்கு, சற்று முன்னால் இருக்க வேண்டும். அப்படி இருக்கும்போது மூக்கு கீழே சாயப் பார்க்கும். மற்ற விமானங்களில் அதைச் சமன்செய்வது தொலைவில் இருக்கும் வால். இங்கே அந்த வேலையும் பின்விளிம்புக்கே வருகிறது. ஸ்டிக் நடுவில் இருக்கும்போதே எலவான்கள் சில மில்லிமீட்டர் மேல்நோக்கி இருக்கும்படி வைப்பது இதற்காகத்தான், ரிஃப்ளெக்ஸ் என்பார்கள். எலவானுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடைவெளி குறைவு. பேட்டரியை 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினாலே குணம் மாறிவிடும். மூக்குப் பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் சமாளிக்கலாம். பின்பக்கம் கனத்தால் கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக் கவிழும்.

அப்புறம் முறுக்குவிசை. பின்னாலிருந்து பார்க்கையில் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் விமானம் இடப்பக்கம் உருளப் பார்க்கும். பறந்துகொண்டிருக்கும்போது எலவான் இதைச் சுலபமாக அடக்கிவிடும். வீசிய கணத்தில் முழு த்ராட்டில் (மோட்டாருக்குக் கொடுக்கும் சக்தி) கொடுத்தால் முறுக்கு உச்சத்தில் இருக்கும், எலவானுக்கோ இன்னும் பலம் வந்திருக்காது. மோட்டார் ஈர்ப்பு மையத்துக்கு மேலே பொருத்தப்பட்டிருந்தால் அது மூக்கையும் கீழே அழுத்தும். மோட்டார் போதுமான பலமுள்ளதாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு த்ராட்டிலில் தொடங்கி, வேகம் ஏற ஏறக் கூட்டுவதே நல்லது.

சரி, எப்படி வீசுவது? எதிர்க்காற்றைப் பார்த்து நில்லுங்கள். வினாடிக்கு 3 மீட்டர் காற்று அடித்தால், நம் விமானத்துக்குத் தேவையான வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைத்துவிடும். இறக்கை சாயாமல், மூக்கு அடிவானத்துக்கு மேல் 5 முதல் 10 டிகிரி இருக்கட்டும். மூக்கு பார்க்கும் திசையிலேயே கையும் போக வேண்டும், ஈட்டி எறிகிறவர் கையைப் பின்னிருந்து முன்வரை ஒரே கோட்டில் கொண்டுபோவது போல. தரையில் மோதிவிடுமோ என்ற பயத்தில் மூக்கை 30 டிகிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே தள்ளுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அப்போது காற்று இறக்கையின் அடியில் மோதும், கையிலிருந்து விடுபடும்போதே, இறக்கை தூக்குவிசையை இழக்கத் தொடங்கும் ஸ்டால் கோணம் தாண்டியிருக்கும்.

விரல்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ப்ரொப்பெல்லர் பின்னால் இருப்பதால், முன்னால் பிடித்து வீசினால் அது கையைக் கடந்துதான் போகும். மோட்டாரை ஓடவிட்டபடி வீசுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. முதலில் வீசுங்கள், கை விலகிய பிறகு மற்றக் கையால் த்ராட்டில் கொடுங்கள். ஆர்டுபைலட், ஐநாவ் போன்ற மென்பொருள் உள்ள கட்டுப்பாட்டுப் பலகைகள் இதைத் தாமே செய்யும். முடுக்கமானி வீச்சை உணர்ந்து, சற்றுத் தாமதித்து மோட்டாரை ஓட்டும். இறக்கையையும் சாயாமல் பிடித்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர் எதற்காவது கூடுதலாகச் செலவழிக்க நினைத்தால், இதற்குச் செலவழிக்கலாம்.

விமானம் நிமிர்ந்து போகத் தொடங்கியதும் உடனே திருப்ப வேண்டாம். திருப்பத்தில் இறக்கை கூடுதல் சுமை தாங்க வேண்டும், ஸ்டால் வேகமும் கூடும். 10, 15 மீட்டர் உயரம் வரும்வரை நேராகவே போகட்டும். ஸ்கைவாக்கர் எக்ஸ்8 போல 2 மீட்டருக்கு மேல் அகலமும் சில கிலோ எடையும் உள்ளவற்றைப் பலர் ரப்பர் கயிறு கட்டி ஏவுகிறார்கள். அங்கேயும் கயிறு கழன்ற பிறகுதான் மோட்டார் ஓட வேண்டும்.